மதியம் இரண்டு மணிப் புகை

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்து, எங்கள் ஊர்க் காற்று எந்தப் பக்கம் போகும் என்று எங்களுக்கே சொன்ன அந்த ஆளை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

கொடைக்கானலில் எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. மேலே சரிவில் பெரிய ஹோட்டல். அங்கே குப்பை எரிக்க ஓர் உலை கட்டப்போவதாகச் சொன்னார்கள். என் மனைவிக்கு வீசிங். அவளுக்காகத்தான் சென்னை வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தோம். அந்த வேலையும் இதே வேலைதான்: புகை எங்கே பரவும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது. அதனால் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற திமிரோடு, அவளையும் கூட்டிக்கொண்டு, உலைக்கு அனுமதி தருவதற்கான கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனேன்.

மடிக்கணினிக்காரன் திரையில் படம் ஓட்டினான். சரிவு, மரங்கள், எங்கள் வீட்டுக் கூரை எல்லாம் அச்சு அசலாக இருந்தன. புகை மட்டும் சமர்த்தாக மேலே ஏறி, முகட்டைத் தாண்டிப் போய்விட்டது. ஹோட்டல்காரர் கைதட்டாத குறை.

எந்த நேரத்துக்குப் போட்ட கணக்கு என்று கேட்டேன். மதியம் இரண்டு மணி என்றான். வெயிலில் சரிவு சூடாகிக் காற்று மேலே போகிற நேரம் அது. புகையும் ஏறத்தான் செய்யும். விடிகாலையில் குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். பூண்டு போடும் பக்கத்து வீட்டுக்காரர்கூட வெயில் வராமல் சருகுக்குத் தீ வைக்க மாட்டார். "வெள்ளனே பத்த வச்சா பொகை நம்ம வீட்லதான் படுத்துக் கெடக்கும்" என்பார். அதைச் சொல்லி, படித்த முட்டாள் என்று அத்தனை பேர் முன்னால் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அவன் கோபப்படவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. "சார், நான் உங்க பழைய ஆபீஸ்தான். இது நீங்க போட்டு வச்ச ஃபைல். எல்லா ஊருக்கும் இடத்தை மட்டும் மாத்தி இதைத்தான் ஓட்டுறோம்" என்று மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான்.

முதல் வரியில் என் குறிப்பு இருந்தது: இரண்டு மணி போதும், காலை தேவையில்லை.

தேங்கிய காற்றுக்குக் கணக்கு லேசில் முடியாது, நாள்கணக்கில் ஓடும். இரண்டு மணி என்றால் சாயங்காலமே முடிந்துவிடும், வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான் காரணம். அதைச் சமவெளித் தொழிற்சாலை ஒன்றுக்காக எழுதினேன் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அங்கேயும் விடியத்தான் செய்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

உலை வந்தது. விருந்தினர் எழுவதற்கு முன்னால், விடிகாலையில் எரிக்கிறார்கள். போன வாரம் மனைவி இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்தக் காலைக் கணக்கையும் போட்டிருந்தீங்கன்னா எத்தன நாள் ஆகியிருக்கும்?"

மூன்று நாள் என்றேன்.

"மூணு நாள்தானா" என்றாள். இருமல் அடங்கியதும் அவளே எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினாள்.