வெயில் பக்கத்துக் கன்னம்

எங்கள் பேருந்தின் ஓட்டுநர் அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. அவருடைய இடது கன்னத்துக்கு மட்டும் நாற்பதுதான். நான் அவருடைய நடத்துநர். டிக்கெட் கொடுக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் முன்வாசல் பக்கம் உட்கார்ந்து, அந்த இடது கன்னத்தைப் பார்த்தே பேசிக்கொண்டு வருகிறவள். வலது கன்னம் என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியாமல் போயிற்று.

புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு காய்கறி வேன் ஓட்டினார், பள்ளி வண்டி ஓட்டினார், மல்லுக்கட்டி இந்தப் பேருந்துக்கு வந்தார். "பொம்பள ஓட்டினா வண்டி போய்ச் சேருமா?" என்று கேட்ட ஓர் ஆளை முன் இருக்கையில் உட்காரவைத்து, ஒரு குலுங்கல் இல்லாமல் கொண்டுபோய் இறக்கிவிட்டு, "சேந்துட்டோமா? பாத்து எறங்குங்க" என்றவர். மகளையும் படிக்க வைத்தார். அவள் பட்டம் வாங்கிய அன்று தாயும் மகளும் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். அங்கேதான் வந்தது வினை.

"அம்மா, கொஞ்சம் இப்படித் திரும்புங்க. இந்தப் பக்கம்தான் இளமையா இருக்கு" என்றானாம் படம் எடுப்பவன்.

"அப்ப அந்தப் பக்கம் யாரோடது?"

கேட்டுவிட்டாரே ஒழிய, வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டார். வலது கன்னம் முழுக்கச் சுருக்கம். கண்ணோரம் கரும்புள்ளிகள். கழுத்து வரை தோல் தடித்துக் கிடந்தது. மறுநாள் என்னிடம் சொன்னபோது அழுதார். ஆமாம், சுருக்கத்துக்காகத்தான் அழுதார். தன் முகத்துக்காகத் தான் அழுவதில் என்ன தப்பு?

தோல் மருத்துவரிடம் மகள் அழைத்துப் போனாள். ஜன்னல் வழியாக வருகிற வெயில்தான் காரணம், போனது முழுசாகத் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் அவர். அன்று பிடித்த பிடிதான். சோப்புப் போட்டு வறட்டு வறட்டென்று தேய்ப்பது நின்றது. முகம் கழுவி ஈரம் காய்வதற்குள் ஒரு கிரீம், புறப்படுமுன் அதன்மேல் வெயிலுக்கான கிரீம், வேர்வையில் போனால் மறுபடி. தங்கை ஆசையாக வாங்கி வந்த வெளுக்கும் கிரீமை மட்டும் தொடவில்லை. "என் நிறத்துக்கு என்னடி குறைச்சல்? தூக்கிட்டுப் போ!"

வெயில் கிரீம் முகத்தில் வெள்ளையாகத் தெரியும். பணிமனையில் 'சுண்ணாம்பு' என்று பட்டம் கட்டினார்கள். கேன்டீன்காரர், "அழகு சோறு போடுமா?" என்று இழுத்தார்.

"சோத்தை நானே போட்டுக்கறேன். அழகு அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஆனால் எத்தனை பூசினாலும் வெயில் அதே கன்னத்தில்தான் விழுந்தது. ஏன் என்று யோசித்தபோதுதான் கூத்து வெளியே வந்தது. எங்கள் தடம் நேராகத் தெற்கு வடக்காகப் போவது. பணிமனை நடுவில். காலையில் ஒரு வண்டி தெற்கு முனையிலிருந்து கிளம்பும், இன்னொன்று வடக்கு முனையிலிருந்து. நாங்கள் காலையில் வடக்கே போய் மாலையில் தெற்கே திரும்புவோம். ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். காலை வெயிலும் வலது கன்னத்தில், மாலை வெயிலும் அதே கன்னத்தில்! எதிர்வண்டிக்கு இரண்டு வேளையும் வெயில் இடப்பக்கம். அதை ஓட்டுகிறவனை எல்லோரும் மாப்பிள்ளை என்போம். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் மாமியார் வீட்டுக்கு வந்தவன் மாதிரியே இருக்கிறான். இத்தனை வருஷமும் மகராசன் நிழலிலேயே ஓட்டியிருக்கிறான். யாரும் சதி செய்யவில்லை, யாருக்கும் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

வாரம் மாற்றி வாரம் வண்டியை மாற்றிக் கேட்கப் போவதாக அக்கா சொன்னார்.

"தலை சுத்துதுன்னு சொல்லுங்கக்கா. உடனே குடுத்துடுவாங்க" என்றேன்.

"சுத்தலையே."

மேலாளர் அறையில் மாப்பிள்ளையும் இன்னும் சில ஓட்டுநர்களும் இருந்தார்கள். நான் வாசலில் நின்றேன்.

"என்னம்மா, உடம்புக்கு ஏதாவதா?" என்றார் மேலாளர்.

"உடம்பு கல்லு மாதிரி இருக்கு சார். முகத்துக்காகக் கேக்கறேன். வெயில் ஒரு பக்கத்தைத் தின்னுடுச்சு. மிச்சத்தையாவது நல்லா வச்சுக்கணும்னு ஆசை."

அறையே சிரித்தது. மேலாளரும் சிரித்தார். "உடம்பு முடியலைன்னு டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிட்டு வாங்க, நாளைக்கே மாத்தித் தர்றேன். அழகுக்கெல்லாம் டூட்டி மாத்த முடியாது."

"இந்த வயசுல யாரு அக்கா பாக்கப் போறாங்க?" என்றான் மாப்பிள்ளை.

"நான் பாக்கறேன்டா, தினமும்!" என்று அவன் வாயை அடைத்துவிட்டு, அக்கா மேலாளர் பக்கம் திரும்பினார். "சார், போன வாரம் உங்க மீசை நரைச்சிருந்துச்சு. இன்னைக்குக் கன்னங்கரேல்னு இருக்கு. அதுக்கு எந்த டாக்டர் சீட்டு குடுத்தாரு?"

தொலைந்தது வேலை என்றே நினைத்தேன். மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. சிரித்தவர்களில் பாதிப் பேர் தலைக்குச் சாயம் பூசியவர்கள். அவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"தப்பு சொல்லல சார், உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. நீங்க பூசறதும் ஆசைதான், நான் கேக்கறதும் ஆசைதான். எனக்கு மட்டும் எதுக்கு சார் வியாதி இருக்கணும்?"

மேலாளரின் கை மீசை வரை போய், சட்டென்று கீழே இறங்கியது. "சரி, சரி. திங்கக்கிழமையிலேர்ந்து வாரம் மாத்தி வாரம். எல்லாரும் போய் வண்டியை எடுங்க!"

மாப்பிள்ளை எகிறிக் குதித்தான். "என்ன சார் இது அநியாயம்! அப்ப என் மூஞ்சி என்ன ஆகறது?"

இப்போது சிரிப்பு அவன் மேல் திரும்பியது. நான் வாசலில் நின்றபடி வாய்விட்டே சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. பையைத் திறந்து வெயில் கிரீமை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"இந்தா, தாராளமா பூசு. கழுத்தை விட்டுடாத."