மனுவை நான்தான் எழுதினேன்

போன வியாழன் எனக்குச் சொந்த ஊருக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. வீட்டில் பாயாசம். எனக்குத்தான் ஒரு கரண்டிகூட இறங்கவில்லை.

ஏன்? சொல்ல வெட்கமாக இருக்கிறது… உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

எங்கள் ஊர் யட்டவத்தயில், வீட்டுக்குப் பின்னால் ஒரு கல்குவாரி. ஒவ்வொரு வெடிக்கும் பக்கத்து வீட்டுக் காதர் நானாவின் சுவரில் புது விரிசல். அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பிறந்த பிள்ளையின் தொட்டிலை மூன்று முறை இடம் மாற்றிவிட்டார்கள். இந்த மாதம் குவாரி பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் சிங்கள எம்.பி. ஒரு வார்த்தை சொன்னால் நிற்கும்.

"கடைத்தெருச் சிங்களம் எனக்கும் வரும் மாஸ்டர். எம்.பி.கிட்ட பேசுறது வேற. நீங்க வாங்க" என்றார் நானா.

மனுவை நான்தான் எழுதினேன். ஊரே கையெழுத்துப் போட்டது. சனிக்கிழமை எம்.பி. மக்களைச் சந்திக்கும் நாள். மனுவுக்கு ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். நானா வாசலில் நின்றுகொண்டார்.

எம்.பி. நாலு வரி வாசித்தார். "அருமையான சிங்களம்! மாஸ்டர் எங்கே படிப்பிக்கிறீங்க?"

அவ்வளவுதான் கேட்டார். நான் படிப்பிப்பது பொலன்னறுவைப் பக்கம். வாராவாரம் பஸ் பயணம். சோதனைச்சாவடிகளில் இறக்கி, அடையாள அட்டையில் என் பெயரை இரண்டு தடவை வாசிப்பார்கள். நான் வந்து சேரும்வரை மனைவி சாப்பிடமாட்டாள். சட்டைப் பையில் இடமாற்ற விண்ணப்பம் மூன்று மாதமாகக் கிடந்தது. கை தானாகப் போனது என்றால் நம்புவீர்களா? நம்பாதீர்கள். நான்தான் எடுத்து நீட்டினேன்.

உடனே செக்கரட்டரியைக் கூப்பிட்டு எனக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுக்கச் சொன்னார். ஊர் மனு ஒரு பைலுக்கு அடியில் போனது. குவாரி பற்றி வாய் திறந்திருக்கலாம் — திறந்தால் என் கடிதம் போய்விடுமோ என்று பயம்.

வெளியே வந்தேன். "நம்ம விசயத்துக்கு என்னா சொன்னாரு?"

"பாக்குறேன்னாரு" என்றேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

ஊருக்காக எம்.பி.யைப் பார்க்கப் போகும் நம்மில் எத்தனை பேர் சொந்தக் காகிதம் இல்லாமல் போகிறோம்? அதைக் கொடுத்தால் மற்றதைக் கேட்கமாட்டோம் என்று அவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

குவாரிக்குப் பெர்மிட் கிடைத்துவிட்டது. நேற்றும் வெடி. உடுத்திருந்த சாரத்தில் சுவர்த்தூசியோடு நானா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்! இனி ஊரோட இருப்பீங்க மாஸ்டர். அடுத்த தடவையும் நீங்களே போய்ப் பேசுங்க!"

சரி என்று ஆடியது, வெட்கங்கெட்ட தலை!