வெண்ணிலா பூட்டிவிட்டுப் போகவில்லை

நம் காப்பி விவசாயிகள் சங்கத்தின் மழை எச்சரிக்கைச் செயலியை வேறு யாரும் தொட முடியாதபடி வெண்ணிலா பூட்டிவிட்டுப் போனாள் என்று சிலர் சொல்கிறீர்கள். தவறு. அவள் எழுதியதில் பூட்டு எதுவும் இல்லை.

அவள் இறந்த செய்தியை அவள் கணவர் சண்முகம்தான் தொலைபேசியில் சொன்னார். "முடிஞ்சுபோச்சுங்க மேடம்." சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து மலைமேல் மஞ்சக்குட்டைக்கு உடல் வந்து சேர்வதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. வண்டியின் விளக்குகள்தான் முதலில் தெரிந்தன. நாற்பதைக்கூடத் தாண்டாதவள்.

செயலியில் வரும் தமிழ் வாக்கியங்களை எழுதியவள் நான். அதனால் பல பகல்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நிரலைச் செயலியாகக் கட்டும் கருவிக்கு, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். கணினியின் தொடக்கத்திலிருந்து முழுப் பாதையையும் எழுதலாம். அது அந்தக் கணினிக்கு மட்டுமே பொருந்தும். இல்லாவிட்டால், அந்தக் குறிப்பு இருக்கும் கோப்புறையிலிருந்து வழி சொல்லலாம். மொத்தக் கோப்புறையையும் எங்கே தூக்கிச் சென்றாலும் பொருந்தும். வெண்ணிலா இரண்டாவது வகையைத்தான் எழுதினாள்.

வேலை முடிந்ததும் அந்தக் கோப்புறையை என் கணினிக்குக் கொண்டுவந்து, வேறு இடத்தில் வைத்துக் கட்டிப் பார்ப்பாள். "உனக்கு வேறு வேலை இல்லையா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"என் ஊட்ல ஓடுறது பெருசில்லைங்க மேடம். நீங்க நொம்பக் கறாரு. உங்க ஊட்ல ஓடுனாத்தான் ஓடுன மாதிரி" என்று சிரித்தாள்.

அவள் படுக்கையில் விழுந்த பிறகு, சங்க அலுவலகத்தில் ஒருவர் வரைபடக் கோப்புகளை இடம் மாற்றினார். செயலி கட்ட வரவில்லை. தன் கணினியின் பயனர் பெயரும் சேர்ந்த முழுப் பாதையை எழுதிச் சமாளித்தார். நம் எஸ்டேட் அலுவலகக் கணினிகள் எல்லாவற்றிலும் பயனர் பெயர் 'ரைட்டர்'தான். கணக்கெழுதும் ரைட்டரின் மேசைக்குப் போவதால் கடைக்காரர் அப்படியே வைத்துக் கொடுத்துவிடுவார். ஆகவே 'ரைட்டர்' பெயர் கொண்ட அந்தப் பாதை மலை முழுவதும் வேலை செய்தது. யாருக்கும் உறைக்கவில்லை. செயலியைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ளச் சேலத்தில் ஒருவரிடம் கொடுத்தபோதுதான், அவர் கணினியில் அந்தப் பெயர் இல்லாததால், கோப்பு இல்லை என்று நின்றுவிட்டது.

அது அவள் இறந்த சமயம். காரியத்தன்று சண்முகம் எல்லோரையும் பந்திக்கு அழைத்துக்கொண்டிருந்தார். "போற போக்குல சாவியையும் கையோட எடுத்துட்டுப் போயிட்டாங்களாட்டம் இருக்குது" என்றார் சங்கத்துக்காரர் ஒருவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சண்முகத்தின் காதில் விழுந்தது.

பிறகு வாழவந்தி பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்த சண்முகம் கேட்டார்: "ஏனுங்க மேடம், அவ அப்படிச் செஞ்சிருப்பாளாங்க?" கூடவே வாழ்ந்தவருக்கே சந்தேகத்தைக் கொடுத்துவிட்டீர்கள்.

என் கணினியில் இருந்த அவளுடைய பிரதியைச் சேலத்துக்கு அனுப்பினேன். ஓர் எழுத்தும் மாற்றாமல் கட்ட வந்தது.

அந்தப் பிரதியை வைத்திருக்கிறேன். இன்னொருவர் இடத்தில் வைத்துப் பார்க்காமல் எதையும் சரி என்று சொல்லாத அவள் பிடிவாதத்தையும் வைத்துக்கொண்டேன்.

குற்றம் அவளுடையதல்ல என்று சங்கம் சண்முகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். வாய்ச்சொல் போதாது. எழுதுவீர்களா, மாட்டீர்களா என்பதை எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.