போணி ஆகாத வல்லரசு

என் வாயில் கொழுக்கட்டை இருக்கிறது என்று எங்கள் வீட்டில் ஒரு தீர்மானம் ரொம்ப காலமாக அமலில் இருந்தது. அப்பேர்ப்பட்ட நான் கல்லூரியில் மாணவர்களே நாடுகளாக உட்கார்ந்து விவாதிக்கும் மாதிரி உலக நாடுகள் சபைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன் என்றதும், அம்மா தோசையைத் திருப்ப மறந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை, கண்டிஷன் போட்டார். "உங்க தீர்மானம் ஜெயிச்சா சென்னையில அடுத்த ரவுண்டுக்குப் போய்ட்டு வாம்மா. தோத்தா லீவு பூரா சித்தப்பா கடையில பொடவை மடிக்கணும்." ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்கெனவே அந்தப் பட்டுக்கடையில் மடித்துக்கொண்டுதான் இருந்தேன். மடித்த புடவை பார்க்கத்தான் அழகு; மடித்தவள் முதுகைக் கேட்டால் தெரியும். சென்னை என்றால் தோழிகளோடு ஹாஸ்டல், கேட்க ஆளில்லாத சாயங்காலங்கள். நான் ஜெயித்தே ஆகவேண்டும்.

சீட்டுக் குலுக்கியதில் எனக்கும், ஐயம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் என் தோழிக்கும் சேர்த்து ஒரு குட்டித் தீவு நாடு விழுந்தது. உலகமெங்கும் ஒரு புதுக் காய்ச்சல் பரவுகிறது, தடுப்பூசியோ ஒரே ஒரு வல்லரசிடம்தான் இருக்கிறது, அதை எப்படிப் பங்கிடுவது என்பதுதான் விவாதம். அந்த வல்லரசு, கடைவீதியில் பெரிய பட்டுக்கடை வைத்திருப்பவரின் மகனுக்குப் போனது. என் வகுப்புதான். அவன் அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். கோட்டுக் கைக்குள்ளிருந்து விரல் நுனிகள் மட்டும் எட்டிப் பார்த்தன.

சபையில் 'நான்' என்று சொல்லக்கூடாது, நாட்டின் பெயரால்தான் பேச வேண்டும். அரைமணி நேரத்திலேயே எங்களுக்கெல்லாம் பைத்தியம் பிடித்துவிட்டது. "எங்கள் நாட்டுக்கு வேர்க்குது" என்றாள் தோழி. அண்டை நாடு பேனாவை ஆக்கிரமித்துவிட்டது என்று பின்வரிசையில் ஒருவன் புகார் கொடுத்தான். பனி கொட்டும் வடக்கு நாடு ஒன்று, மின்விசிறிக்குக் கீழே இடம் தரவில்லை என்று வெளிநடப்பு செய்தது. மத்தியானம் மிளகு மணக்க கோயில் இட்லி வந்ததும் தானாகத் திரும்பி வந்தது.

சபைத் தலைவராக மதுரையிலிருந்து ஒரு சட்டக் கல்லூரி அக்கா வந்திருந்தார், கையில் தடித்த விதிப்புத்தகத்தோடு. ஊசி வைத்திருக்கும் நாடு கையெழுத்துப் போடாவிட்டால் எந்தத் தீர்மானமும் வாக்கெடுப்புக்கே வராது என்று சொல்லிவிட்டார். எங்கள் தீர்மானம் ஒரே வரிதான்: ஏழை நாடுகளுக்கு ஊசி அடக்க விலையில் வேண்டும். வல்லரசு யாருக்கும் மசியவில்லை. போய்க் கேட்ட நாட்டுக்கெல்லாம் கோட்டுக்குள்ளிருந்து ஒரே பதில். "ஸ்டாக் இல்லை. அப்புறம் வாங்க."

எங்களிடமும் அதையே சொன்னான். எனக்குச் சுரீரென்று ஏறியது. நிஜமான கொரோனா நாட்களில், ஊசி போடும் இடத்தில் அம்மாவும் நானும் விடிவதற்கு முன்பே போய் முதல் ஆளாக நின்றோம். ஜன்னல் திறந்தது. "ஸ்டாக் இல்லை, அப்புறம் வாங்க" என்றது ஒரு குரல். ஜன்னல் மூடியது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

மைக்கைப் பிடுங்கினேன். தோழி எழுதித் தந்திருந்த மாண்புமிகுக்கள் எல்லாம் காற்றில் போயின. சித்தப்பா கடையில் வியாபாரம் மந்தமான நாளில் என்ன வாயில் வருமோ அதுதான் வந்தது.

"காலையிலேர்ந்து கோட்டு போட்டுக்கினு குந்திக்கினு இருக்கிறியே, உன் நாட்டுல இன்னும் போணியே ஆகலியேபா! போணி நேரத்துல வாயத் தொறந்து இல்லைன்றியே!"

முதல் வியாபாரம் என்பது எங்கள் ஊரில் விளையாட்டில்லை. போணிக்கு வந்தவரிடம் 'இல்லை' என்ற சொல்லையே சொல்லக்கூடாது. லாபம் போனால் போகட்டும், அடக்க விலைக்காவது கொடுத்து அனுப்ப வேண்டும். வல்லரசின் முகம் வெளுத்தது. பழக்க தோஷம் சும்மா விடுமா? கை தானாக நீண்டு எங்கள் காகிதத்தை வாங்கியது, கையெழுத்துப் போட்டது. அதோடு விட்டானா! காகிதத்தைப் போணிக் காசு மாதிரி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, "அடக்க விலைதாங்க, எடுத்துக்கோங்க" என்றான்.

விசில் என்ன, மேசைத் தட்டல் என்ன! தலைவர் அக்கா "அமைதி, அமைதி" என்று கத்திக்கொண்டே விதிப்புத்தகத்தைப் புரட்டினார். போணி எந்தப் பக்கத்திலும் இல்லை. கடைசியில், "வல்லரசு விரும்பினால் கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்" என்றார்.

"போணியத் திருப்பி வாங்குவாங்களாக்கா?" என்று உலக நாடுகள் அனைத்தும் கோரஸாகக் கேட்டன.

அவன் எழுந்து கோட்டுக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். "எங்கள் நாடு வாபஸ் வாங்காது, மேடம். வாங்கினா எங்க அப்பா என்னை வூட்லயே சேக்க மாட்டாரு."

வாக்கெடுப்பில் அத்தனை நாடுகளும் கை தூக்கின. மின்விசிறி நாடு இரண்டு கையையும் தூக்கியது. நானும் தோழியும் கட்டிப்பிடித்துக் குதித்த குதியில் எங்கள் தீவின் பெயர்ப்பலகை உடைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு ஓடி வந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. இருமிக்கொண்டே சென்னைக்கென்று பரண் மேலிருந்த பெட்டியை இறக்கினார். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கு அந்த ஜன்னல்லயும் நாமதானேடி மொத ஆளு? இதச் சொல்லியிருக்கலாமே. வாயில கொழுக்கட்டைய வெச்சிக்கினு நின்னியே!"