செங்கல் தெருவில் உடைத்த பூசணிக்காய்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். அப்பா ஆரணியில் பட்டுத்தறி நெய்கிறார். நான் இருப்பது அமெரிக்காவில், பழங்காலத்து வீடுகளும் செங்கல் பாவிய தெருக்களும் உள்ள ஒரு சின்ன ஊரில். கம்பெனி வேறு ஊரில். வீட்டிலிருந்தபடியே இன்டர்நெட் வழியாக வேலை.

போன வருடம் ஆயுத பூஜையன்று அப்பா போனில் கேட்டார். "தறிக்குப் பொட்டு வெச்சிட்டேன். நீ இன்னாடா பண்ணிகினு இருக்க?"

"கம்ப்யூட்டருக்கு வெச்சிட்டேம்பா."

"பூசணிக்கா உடைச்சியா? வேல செய்ற எடத்துல திருஷ்டி தங்கக் கூடாது."

அந்த மாதம் அங்கே பண்டிகைக்காகக் கடைகளெல்லாம் பூசணிதான். ஒன்றை வாங்கித் துளையிட்டு, குங்குமம் நிரப்பி, வாசலில் உடைத்துவிட்டு வேலையில் உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் அலறல் கேட்டது. ஓடிப் பார்த்தால், பக்கத்து வீட்டு அம்மாள் வழுக்கி விழுந்து கிடக்கிறார். கையெல்லாம் சிவப்பு. ரத்தம் என்றே நினைத்தேன். தூக்கி உட்காரவைத்துத் துடைத்தேன். ஒரு கீறல்கூட இல்லை, அத்தனையும் குங்குமம்.

"நாங்கள் பூசணிக்காயில் முகம்தான் செதுக்குவோம். நீ கொலையே செய்துவிட்டாயே" என்று அவர் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அப்பாவிடம் சொன்னேன். "நம்ம தெருவுலயும் வருஷா வருஷம் எவனாவது வண்டியோட வழுக்கி வுழறான்டா. உடைச்சது யாருன்னு ஒருத்தனும் கேக்கறதில்ல" என்றார்.

இந்த வருடம் கொல்லையில் பழைய பேப்பர் விரித்து உடைத்து, உடனே அள்ளிவிட்டேன். ஆரணியில் அப்பாவும் துடைப்பத்தோடு தெருவில் இறங்கினாராம். பக்கத்து வீட்டார் உடைத்ததையும் சேர்த்தே கூட்டினாராம்.