எழும்பூரிலிருந்து புறப்படாத பதினொரு நாள்

வேதசிரோமணி என்ற பெயரைத் தபீதாள் முதன்முதலில் கேட்டது, அவளுடைய சின்ன அத்தை புஷ்பத்தின் மூத்த மகளுக்குத் தாம்பரத்தில் கல்யாணம் நடந்த அன்றைக்கு. பந்தியில் யாரோ அத்தையிடம், "பஸ் டிக்கெட்டைக்கூடக் கீழே போடாத பையன், கவர்ன்மெண்ட் உத்தியோகம்" என்றார்கள். இதெல்லாம் ஒரு குணமா என்று தபீதாள் சிரித்தாள். மறு வருஷம் அவரையே கட்டிக்கொண்டு பீர்க்கன்கரணைக்கு வந்தாள்.

அவருக்கு அரசாங்க இலாகாவில் பம்புகளைச் சோதிக்கிற வேலை. எண்பத்து நாலில் அந்தப் பிரிவை அப்படியே தூக்கி ஒரு வாரியத்தில் சேர்த்துவிட்டார்கள். அதே மேசை, அதே நாற்காலி. ஆபீஸ் மட்டும் எழும்பூருக்கு மாறியது. விதிப் புத்தகமும் மாறியது; அவர் பழையதைத்தான் மனப்பாடமாக வைத்திருந்தார்.

மறைமலை நகரில் பதினொரு நாள் பம்பு சோதனை வந்தது. வீட்டிலிருந்து நேரே தெற்கே பஸ் ஏறிப் போனார், வந்தார். பயணப்படி பாரத்திலும் பீர்க்கன்கரணை முதல் மறைமலை நகர் வரை என்றே எழுதினார். இரண்டு மாதம் கழித்துப் பழுப்பு உறையில் மெமோ வந்தது. தலைமையிடமான எழும்பூரிலிருந்து புறப்படவில்லை, ஆகவே பயணம் நடக்கவில்லை, ஆகவே பணிக்கே வரவில்லை. இதை ஏன் பணி முறிவாகக் கருதக் கூடாது?

பணி முறிவு என்றால் அதற்கு முந்தின பத்தொன்பது வருஷமும் பென்ஷனுக்குச் சேராது. தபீதாள் மெமோவை மூன்று தரம் படித்தாள்.

"வேலைக்குப் போகாமலா பதினொரு சட்டையிலயும் கிரீஸு? துவைச்சவ நான்தானே?"

தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அவள் அண்ணன் ஞானையா வந்து பார்த்தார். "மச்சான், வீட்டிலிருந்து தூரமா, ஆபீஸிலிருந்து தூரமான்னு பார்த்து, எது குறைச்சலோ அதைத்தான் எழுதணும். எங்க ஆபீஸ்ல அதான் ரூல். நீங்க எழுதினது ரைட்டு."

"அப்புறம் எதுக்குண்ணா மெமோ?"

"இவங்க வாரியத்துல அது தப்பு."

"ரெண்டும் அரசாங்கம்தானே?"

"அரசாங்கம்தான் தபீதா. ஆனா வேற."

வாரியத்தில் அந்தக் கோப்பைப் பார்த்தவர் தோத்தாத்ரி. நல்ல மனுஷர். "எழும்பூர்லேர்ந்து கிளம்பினேன்னு மாத்தி எழுதுங்கோ சார். பயணப்படியும் கூட வரும்" என்றார். நான் கிளம்பவில்லையே என்றார் இவர். "அப்போ பதினொரு நாளும் லீவுன்னு எழுதிக் குடுங்கோ, பணி முறிவு வராது."

வீட்டுக்கு வந்தவர் தட்டின் முன்னால் கை நனைக்காமல் உட்கார்ந்திருந்தார். "போகாத இடத்துக்குப் போனேன்னா பொய். வேலை பார்த்த நாளை லீவுன்னாலும் பொய். குறைச்சுக் கேட்டதுக்கா இது?"

"பத்தொன்பது வருஷங்க" என்றாள் தபீதாள்.

கடைசியில் லீவுக் கடிதம் எழுதினார். கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்: 'மேற்படி நாட்களில் நான் மறைமலை நகரில் பணியில் இருந்தேன்.' விடுப்பில் இருந்தவர் பணியில் இருக்க இயலாது என்று கடிதம் திரும்பி வந்தது. மறுபடி எழுதினார், அதே வரியோடு. அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது கடிதத்தை எழுதி முடித்தபோது அவருக்குக் காய்ச்சல். தபீதாள் எடுத்துக்கொண்டு ரயில் ஏறினாள்.

தோத்தாத்ரி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் சரியா இருக்கும்மா. இந்தக் கடைசி வரிதான். நான் தொடப்படாது." மேசைமேல் ஒரு மர ஸ்கேலை வைத்தார். "காபி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போனார்.

அவள் கையெழுத்துக்குக் கீழே ஸ்கேலை அழுத்திப் பிடித்து அந்த வரியைக் கிழித்தாள். இது யாருடைய பொய்? அவருடையதா, தன்னுடையதா, தோத்தாத்ரியுடையதா, வாரியத்துடையதா? ரயிலில் திரும்பும் வழியெல்லாம் யோசித்தாள், பிடிபடவில்லை.

லீவு சேங்க்ஷன் ஆகி வந்த அன்று அவர், "பார்த்தியா, மூணாவது தரம் புரிஞ்சுக்கிட்டாங்க" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு ரசம் ஊற்றினாள்.

அதன் பிறகு மறைமலை நகர் வேலை வந்தால் அவர் காலையில் வடக்கே எழும்பூர் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, செங்கல்பட்டு ரயிலில் ஏறித் தன் ஊரைத் தாண்டியே தெற்கே போவார். வீட்டுக்குப் பக்கத்திலிருக்கிற பெருங்களத்தூர் ஸ்டேஷனில் ரயில் நிற்கிற அரை நிமிஷத்தில் தபீதாள் ஜன்னல் வழியாகச் சாப்பாட்டைக் கொடுப்பாள். பக்கத்து வீட்டுச் சரசு ஒரு நாள் கேட்டேவிட்டாள்:

"இன்னாக்கா, உன் வூட்டுக்காரரு காலைல அந்தாண்ட போறாரு, பதினொரு மணிக்கு இந்தாண்ட போறாரு. வேலை எங்கதான் கீது?"

"எனக்கே தெரியல சரசு."

கிழித்த துண்டு தபீதாளின் ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

வேதசிரோமணி தொண்ணூற்றாறில் ரிடையர் ஆனார். முழுப் பென்ஷன் வருகிறது. இப்போது பீர்க்கன்கரணையில் அதே வீட்டில்தான் இருக்கிறார்.