ஈரம் பார்க்கும் கண்

அந்தப் பெயிண்டரை எல்லோரும் ‘கறுப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ நல்ல சிவப்பு. புதிதாக வருகிறவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு, ஆளைப் பார்த்து முழிப்பார்கள். மேட் பிளாக் அடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஒரு காலத்தில் வீட்டுக்குள் கறுப்பு அடிக்கப்போகிறேன் என்று சொன்னால் புத்தி கெட்டுப்போச்சா என்று கேட்டிருப்பார்கள். இப்போது குழாய், கைப்பிடி, சுவிட்ச், கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் சுவர் என்று எல்லாமே பளபளப்பில்லாத கறுப்பாக வேண்டும். ஆனால் அதில் தூசி மட்டும் தெரியக் கூடாதாம். நல்ல கதை!

மேட் பிளாக் பொல்லாத நிறம். வெள்ளைச் சுவர் நாலு தப்பை விழுங்கிக்கொள்ளும், இது எதையும் விழுங்காது. ரோலர் உருட்டிய பட்டையின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டையைச் சேர்த்துவிட வேண்டும். காய்ந்தபின் சேர்த்தால் கோடு விழும். சின்னதாக ஓர் ஒட்டுப் போட்டாலும் திட்டாகத் தெரியும். அப்புறம் மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவரையும் திரும்ப அடிக்க வேண்டியதுதான். ஈரக் கறுப்பு மினுங்கும், காயக் காய மினுக்கம் அடங்கும். அதைப் பார்த்துத்தான் கை ஓட வேண்டும்.

இரண்டு வருடமாக அவருக்கு அந்த மினுக்கம் தெரியவில்லை.

கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “நரம்பு கெட்டுப்போச்சு. போன பார்வை திரும்பாது. மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தத்தான் இந்தச் சொட்டு மருந்து” என்றார்.

வெளியே வந்ததும் மனைவி, “யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க” என்றாள். அடுத்த வாரமே தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அவரோடு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். காண்ட்ராக்டரிடம் கூடமாட ஒத்தாசைக்கு என்று சொன்னார்கள். உண்மையில் அவள்தான் அவருடைய கண். பின்னால் நின்றுகொண்டு, “வலது ஓரம் காயுது, சீக்கிரம்”, “மேல ஒரு கை விட்டுப்போச்சு” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

“வீட்டுலதான் விரட்டுறாங்கன்னு பார்த்தா, இங்கயும் விடமாட்டாங்களா?” என்று எலக்ட்ரீஷியன் கிண்டலடிப்பார். இருவரும் அவரோடு சேர்ந்து சிரித்துவைப்பார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் அன்றோடு வேலை போய்விடும். பதினெட்டு வயதில் ரோலரைப் பிடித்தவருக்கு வேறு எதுவும் தெரியாது.

அன்றைக்குப் பார்த்து அவளுக்கு எழுந்திருக்க முடியாத காய்ச்சல்.

“ஒரு நாள் தள்ளிப்போடுங்களேன்.”

“நாளைக்கு அந்த வீட்டுக்காரங்க குடி வர்றாங்க. ஏன் வரலைன்னு கேட்டா என்ன சொல்றது?” என்று சொல்லிவிட்டுத் தனியாகவே போனார்.

படுக்கையறைச் சுவர். கதவைச் சாத்திக்கொண்டு, கைப் பழக்கத்தை நம்பி உருட்டினார். முடித்ததும் வழக்கமான பயம் வந்தது. எங்காவது விட்டுப்போயிருந்தால்? சொல்ல ஆள் இல்லை. விரல் நுனியால் சுவரைத் தொட்டுத் தொட்டுத் தேடினார். உலர்ந்து சொரசொரவென்று இருந்தால் விட்டுப்போன இடம். அப்படி இரண்டு இடங்களைக் கண்டுபிடித்து அடைத்தார். தொட்ட தடமெல்லாம் ஈரத்தில் தானாகச் சமமாகிவிடும் என்று நினைத்தார். பெயிண்ட் பாதி இறுகிவிட்டிருந்ததை அவர் பார்க்கவில்லை.

மத்தியானம் மனைவி போன் செய்தாள். “எப்படி வந்திருக்கு?”

“ஒரு குறை சொல்ல முடியாது. நீ நல்லாத் தூங்கு.”

பொய் சொல்லவில்லை, அவர் அப்படித்தான் நம்பினார். இனி தனியாகவே சமாளித்துவிடலாம் என்று தோன்றியது. ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்று அவருக்குச் சாப்பாடு ருசித்தது.

சாயங்காலம் காண்ட்ராக்டர் வந்து விளக்கைப் போட்டார். சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“யாரு சுவரைத் தொட்டது?”

“யாரும் தொடலையே. கதவைச் சாத்திக்கிட்டுத்தான் வேலை செஞ்சேன்.”

“இங்க பாருங்கண்ணே.”

சுவரில் மூக்கு இடிக்கிற அளவுக்குப் போய்ப் பார்த்தார். கறுப்பு, கறுப்பு மட்டும்தான். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “ரோலர் தடம்தான். காய்ஞ்சாப் போயிடும்” என்றார்.

“ரோலர் இல்லண்ணே. விரல். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் விரல் தடம்.”

காண்ட்ராக்டர் அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஐந்து விரல் நுனியும் கறுப்பு. திட்டப்போகிறார் என்று பெயிண்டர் காத்திருந்தார். திட்டினால் சொல்ல நாலு பதில் வைத்திருந்தார். காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்த இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அந்த மனுஷன் அவரிடம் “இன்னும் முடியலையா, சீக்கிரம் ஆகட்டும்” என்பதைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. இன்று திட்டவில்லை. விளக்கை அணைத்தார். பெயிண்டரின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் முழங்கையைப் பிடித்தார்.

“படி வருதுண்ணே. பார்த்து, மெதுவா இறங்குங்க.”